மாப்பிள்ளைக்குச் செக் வைக்கக் கூடாது

என் அக்கா வீட்டுக்காரருக்குச் சோறு போடுவது எங்கள் அம்மாவுக்குப் பெரிய சோதனை. கோழிக் குழம்பில் கரண்டியை விட்டுத் துழாவி ஈரல் துண்டைத் தேடி எடுத்து அவர் இலைக்குக் கொண்டு போவாள். அவர் இலைக்கு மேல் உள்ளங்கையை விரித்து மறித்துக்கொள்வார்.

"இது மாப்பிள்ளைக்குங்களா, எனக்குங்களா அத்தை?"

இதற்கு ஒரு மாமியார் என்ன பதில் சொல்வாள்? "ரெண்டு பேருக்குந்தாங்க" என்று சொல்லிப் போட்டுவிடுவாள். அவர் அதைத் தொட மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா இலைக்குத் தள்ளிவிடுவார். அக்கா எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். இந்த ரோஷம் பிடித்த மனுஷனைக் கட்டிக்கொண்டதில் அக்காவுக்குக் கிடைத்த லாபம் அந்த ஈரல் ஒன்றுதான் என்று நான் கேலி செய்வேன்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. நாங்கள் யாருமே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் அவரை மாமா என்பேன். அவர் எங்கள் அப்பாவை மாமா என்பார். வீட்டில் யாராவது "மாமா" என்றால் இரண்டு தலை திரும்பும். மற்றபடி கம்பைநல்லூர் முழுக்க அவருக்கு ஒரே பெயர், மாப்பிள்ளை. டீக்கடைக்காரர், சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவர், பஸ் கண்டக்டர் எல்லாருக்கும் மாப்பிள்ளை. எங்கள் ஊரில் ஒருத்தர் வீட்டு மாப்பிள்ளை என்றால் தெருவுக்கே மாப்பிள்ளை. அதனால் நானும் இங்கே அப்படியே சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

அவருக்குச் சொந்த ஊர் அதியமான்கோட்டை. பெரிய ரோட்டோரம் மாவு மில் வைத்திருந்தார். நெட்டை மனுஷன். எத்தனை குளித்தாலும் புருவத்தில் கொஞ்சம் மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். அறுபதுகளில், கல்யாணம் முடிந்து முதல் மறுவீட்டுக்கு வந்தபோது எங்கள் வீட்டு அலமாரியில் சதுரங்கப் பலகையைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் முகம் மலர்ந்ததே, அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அப்படி மலரவில்லை.

"ஆடுவீங்களா மாமா?"

"ஏதோ, பொழுது போவறதுக்குங்க" என்றார் அப்பா.

அப்பா சொன்னது பச்சைப் பொய். சுத்துப்பட்டில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. நிலக்கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பார், யாரோ ஆட வந்திருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினால் போதும், கால் மண்ணைக்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு சிப்பாய் தொலைந்துபோய் அதற்குப் பதில் புளியங்கொட்டை வைத்திருந்தார். அந்தப் புளியங்கொட்டையை வைத்தே எத்தனையோ பேரைக் கவிழ்த்திருக்கிறார்.

அன்றைக்கு அப்பா தோற்றார். "அடடா, மாப்ள கையில மாட்டிக்கிட்டேனுங்களே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த தடவையும் தோற்றார். பொங்கலுக்குத் தோற்றார், தீபாவளிக்குத் தோற்றார். எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். எங்கள் வீட்டு நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். தெரியாதவர் ஒருத்தர்தான். அவர் அக்காவிடம், "உங்கப்பாவுக்கு யானைய வெளிய எடுக்கவே தெரியல, பாவம்" என்று சொல்லுவாராம். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடிவந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பாவிடம் நான் ஒரு தடவை கேட்டேன். "ஏம்ப்பா இப்படி வேணும்னே தோக்கற? உனக்கு வெக்கமா இல்ல?"

"பொண்ணக் குடுத்த வூடு பாப்பா" என்றார். "மாப்ள மனசு குளுந்து போனாருன்னா உங்கக்கா அங்க சிரிச்சுக்கிட்டு இருப்பா. ஒரு ஆட்டத்த ஜெயிச்சு நான் என்னத்தக் கட்டிக்கப் போறேன்?"

அப்பா ஒருத்தரிடம் தோற்றுப்போவது சாதாரண விஷயம் இல்லை. அத்தனையும் அக்காவுக்காக.

குட்டு உடைந்தது ஜவுளிக்கடை பாயால். அப்பாவின் பழைய கூட்டாளி அவர்; கல்யாணத்தின்போது ஊரில் இல்லாததால் மாப்பிள்ளை முகம் அவருக்குத் தெரியாது. சந்தை நாள் ஒன்றில் மாப்பிள்ளை துணி எடுக்கப் போயிருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் பலகை விரித்திருந்தது. மாமனாரை ஓட ஓட விரட்டுகிற ஆளாயிற்றே, உட்கார்ந்துவிட்டார். பாய் அவரைப் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டார். இன்னொரு ஆட்டம், அதிலும் அடி. மூன்றாவது ஆட்டம் ஆரம்பித்ததும் முடிந்துவிட்டதாம்.

"பாய், இந்த ஊர்ல நீங்கதான் பெரிய கையிங்களா?"

"ஐயோ, நான் எங்கீங்க? நெலக்கடலைக் காட்டுக்காரரு ஒருத்தரு இருக்காருங்க. அவருகிட்ட ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சிரணும்னு நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன், ஆவுல."

அந்த நிலக்கடலைக் காட்டுக்காரர்தான் தன் மாமனார் என்று இவர் சொல்லவில்லை. துணியை மறந்துவிட்டு வெறுங்கையோடு வீடு வந்தார். அப்பா எதிரில் போய் நின்றார்.

"ஏனுங்க மாமா?"

"என்னங்க மாப்ள?"

"ஒன்னுமில்லீங்க."

அன்றைக்கு ராத்திரி இலையில் ஈரல் விழப்போகும்போதுதான் முதன்முதலாகக் கையை விரித்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

கூத்து அதோடு நிற்கவில்லை. விஷயம் அப்பா காதுக்குப் போய், அவர் பாயைப் பிடித்துச் சத்தம் போட்டிருக்கிறார். "எங்க வூட்டு மாப்ளைய மூணு ஆட்டம் தோக்கடிச்சு அனுப்பிட்டியாமே, உனக்கு அறிவிருக்குதா?" பாய் நாக்கைக் கடித்துக்கொண்டாராம். அடுத்த சந்தைக்கு மாப்பிள்ளை ஆசையாகப் போய் உட்கார்ந்தபோது பாய் ஒரு யானையைத் தூக்கி அவர் வாயில் கொடுத்தார். பின்னாலேயே இன்னொரு யானை. மாப்பிள்ளை பாதி ஆட்டத்தில் எழுந்துவிட்டார். "பாய், நீங்களுமா?" என்று கேட்டாராம். பாய் எங்கள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "மாப்ள மொகத்தப் பாக்க முடியலீங்க. நான் அடிச்சப்பகூட அந்த மொகம் அப்படி வாடல."

அதற்கப்புறம் அவருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். கத்தரிக்காய்க்காரர் கொசுறு போட்டால் எடுத்துத் திருப்பி வைப்பார். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் நின்றுகொண்டே வருவார். வறட்டுப் பிடிவாதம் என்று ஊரில் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். ஆனால் அவருடைய சங்கடம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. தனக்கு ஆடத் தெரியுமா தெரியாதா என்பதே அந்த மனுஷனுக்குத் தெரியாமல் போய்விட்டது. மாமனாரிடம் தோற்கக்கூட வக்கில்லாமல் ஒருத்தர் எத்தனை நாள்தான் ஜெயித்துக்கொண்டிருப்பார்?

"நெஜமா ஆடுங்க மாமா" என்று கெஞ்சுவார்.

"நெஜமாத்தானுங்களே ஆடறேன்" என்று அப்பா தோற்பார்.

மில்லுக்கு எதிரில் லாரிகள் வந்து நிற்கும். வடக்கே இருந்து வருகிற டிரைவர்களில் சிலபேருக்கு ஆடத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை ஒரு பலகையைக் கொண்டுபோய் டீக்கடையில் போட்டுவிட்டார். பாஷை தெரியாது, ஊர் தெரியாது, மாப்பிள்ளை என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஆகா, இதல்லவா ஆட்டம் என்று உட்கார்ந்தால், ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் கிளீனர் வந்து டயரைத் தட்டுவான். டிரைவர் டீயைக் குடித்துவிட்டு ஏறிப் போய்விடுவார். இவர் பாதி ஆட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பார். மில்லில் ராகி கொண்டுவந்தவர்கள் வரிசையில் நின்று கத்துவார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள், பேப்பரும் கையுமாக அக்கா எதிரில் வந்து நின்றார். பெங்களூரில் சதுரங்கப் போட்டி. வெளிநாட்டுக்காரர்களெல்லாம் வருகிறார்கள். ஓபன்.

"ஓபன்னா?" என்றாள் அக்கா.

"கதவச் சாத்தலன்னு அர்த்தம். யாரு வேணா போயி ஒக்காரலாம்."

"போனா ஜெயிச்சிருவீங்களா?"

"மாட்டேன்."

"தோக்கறதுக்கு எதுக்குங்க பெங்களூரு? அதான் வூட்ல தெனமும் எங்கிட்டத் தோக்கறீங்களே, அது பத்தலையா?"

"நீ நெஜமா ஜெயிக்கற. அதனாலதான் உன்னோட குடித்தனம் பண்றேன்" என்றாராம். அக்கா இதை என்னிடம் பலதடவை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் முகம் சிவக்கும்.

அப்போது நான் கல்யாணமாகி பெங்களூரில் இருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அங்கே பேக்டரி வேலை. மாப்பிள்ளை ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டியில் பாதி ராகி மாவு, எனக்காம். மீதி வேட்டி சட்டை. புது விதிகளையெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தார். எங்கள் பக்கத்து ஆட்டத்துக்கும் போட்டி ஆட்டத்துக்கும் சில வித்தியாசம் உண்டு. எங்கள் பக்கத்தில், செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி பாயலாம். அங்கே அது கிடையாது. "மறந்துறக் கூடாது பாப்பா, பாயக் கூடாது, பாயக் கூடாது" என்று பல் விளக்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

மத்தியானம் நான் டிபன் கேரியர் எடுத்துக்கொண்டு போவேன். பெரிய ஹால். வரிசை வரிசையாக மேஜை. ஒரு மேஜையில் பேரன் பேத்தி எடுத்த கிழவர், எதிரில் மீசை முளைக்காத பையன். டாக்டர் ஒருத்தர், எதிரில் செருப்பில்லாத ஒருத்தர். இத்தனை ஜனம் இருந்தும் ஹாலில் சத்தமே இல்லை. யாரும் யாரையும் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. எதிரில் உட்கார்ந்தார்கள், கை கொடுத்தார்கள், அடித்தார்கள். மாப்பிள்ளையையும் எல்லாரும் அடித்தார்கள். அந்த மீசை முளைக்காத பையன்கூட அடித்தான். ஒருநாள் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம் வைத்தேன். "இது ஜெயிச்சவனுக்கா பாப்பா?" என்று கேட்டு மூன்று டம்ளர் குடித்தார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் ஒரு வெள்ளைக்காரனோடு ஆட்டம். எந்த நாடோ எனக்குத் தெரியாது. செம்பட்டைத் தாடி. ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். எனக்கு ஆட்டம் தெரியாவிட்டாலும் மாப்பிள்ளையைத் தெரியும். காய்கள் நல்லபடியாக நின்றால் வலது காதைத் தேய்ப்பார். அன்றைக்குத் தேய்த்த தேய்ப்பில் காது செம்பருத்தியாகச் சிவந்திருந்தது. வெள்ளைக்காரன் மூக்கை உறிஞ்சுவதை மறந்துவிட்டான். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு பலகையையே பார்த்தான். காளியம்மா, இந்த ஒன்றை மட்டும் கொடுத்துவிடு, நான் கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்புறம் அவன் ஏதோ நகர்த்தினான். மாப்பிள்ளை காதைத் தேய்ப்பதை நிறுத்தினார். ரொம்ப நேரம் யோசித்தார். யோசித்து, ராஜாவை எடுத்து, குதிரை மாதிரி ஒரு பாய்ச்சல் பாய்ந்து வைத்தார்.

வைத்த அடுத்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. கை ராஜா மேலேயே நின்றுவிட்டது. வெள்ளைக்காரன் பலகையைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், மறுபடி பலகையைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கினான். நடுவர் வந்தார்.

"ஸ்வாமி, ஹாகெ ஆடோ ஹாகில்ல" என்று மெதுவாகச் சொன்னார். அப்படி ஆடக் கூடாதாம். தொட்டதால் ராஜாவைத்தான் நகர்த்த வேண்டுமாம், ஒரு கட்டம் மட்டும். இருந்தது ஒரே கட்டம், அங்கே போனால் சாவு. மாப்பிள்ளை அந்தக் கட்டத்தில் ராஜாவைக் கொண்டுபோய் வைத்தார். வெள்ளைக்காரன் கொஞ்சமும் யோசிக்காமல் அடித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாழாய்ப்போகிறவனே, தெரியாமல் வைத்துவிட்டார், எடுத்து மாற்றி வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் தாடி உதிர்ந்துவிடுமா? வாசலில் அவர் வந்ததும் கேரியரை நீட்டிக்கொண்டே பொரிந்து தள்ளினேன். "மனுசனா அவன்? ஒரு வாட்டி விட்டுக்குடுக்கக் கூடாதா மாமா?"

அவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. புருவத்து மாவெல்லாம் உதிர்ந்துவிடும் போலச் சிரித்தார்.

"விட்டுக்குடுக்கல பாத்தியா பாப்பா!" என்றார். "விடவே இல்ல பாத்தியா!"

எனக்குச் சீ என்றாகிவிட்டது. தோற்றதில் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். அவர் கேரியரைத் திறந்து, ஹால் படிக்கட்டில் உட்கார்ந்து, தயிர்சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் கம்பைநல்லூரில் கூடினோம். காலையிலேயே பஸ் பிடித்து ஒகேனக்கல் போய்க் குளித்தோம். பாறை மேல் உட்கார்ந்து பொரித்த மீன் தின்னும்போது மாப்பிள்ளை அப்பாவிடம் அந்தக் கதையைச் சொன்னார். பாய்ச்சலையும், வெள்ளைக்காரன் கையைத் தூக்கியதையும் நடித்தே காட்டினார்.

"விடவே இல்லீங்களா?" என்றார் அப்பா.

"விடலீங்க மாமா."

"தோத்துட்டு வந்து இப்படிச் சிரிக்கறீங்களே மாப்ள, எனக்கு ஒன்னும் புரியலீங்க."

மாப்பிள்ளை கையிலிருந்த மீனை இலையில் வைத்தார். "அவன் எனக்குப் பயந்தானுங்க மாமா. விட்டா நான் ஜெயிச்சிருவேன்னு பயந்தான். அதான் விடல. நீங்க ஒரு நாளாச்சும் எனக்குப் பயந்திருக்கீங்களா? உங்களப் பயப்பட வெக்கத்தாங்க நான் ஊரு ஊரா ஆளத் தேடி ஆடிப் பழகறேன்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஈர வேட்டியைக் கொடியில் போட்டார். சமையல்கட்டில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கை கால் கழுவிவிட்டு என்னிடம், "பாப்பா, பலகைய எடுத்தா" என்றார்.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. அப்பா முதுகு வளைந்திருந்தது. கீழ் உதட்டைக் கடித்திருந்தார். மாப்பிள்ளையோடு ஆடும்போது அவர் அப்படி உட்கார்ந்ததே இல்லை. அம்மா கதவோரம் நின்று, "ஏனுங்க, மாப்ளைங்க... நல்ல நாளும் அதுவுமா..." என்று இழுத்தாள்.

"நீ போயி சோத்தப் பாரு."

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை. மாப்பிள்ளை பெங்களூரில் அடிபட்டதெல்லாம் வீண்போகவில்லை. வலது காதைத் தேய்க்க ஆரம்பித்தார். அப்பாவின் ராஜாவை ஓர் ஓரமாக நெருக்கிக்கொண்டு போனார். நிஜமாகவே நெருக்கினார். அப்பா நெற்றியில் வேர்த்தது. இன்னும் ஒரே ஒரு நகர்த்தல்தான் என்று மாப்பிள்ளை காதை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தபோது, அப்பா ராஜாவை எடுத்தார். குதிரை மாதிரி ஒரு பாய்ச்சல். வெளியே வந்துவிட்டது.

"அதெப்படிங்க மாமா!"

"இது பெங்களூரு இல்லீங்க மாப்ள. கம்பைநல்லூரு. என் ராஜா இன்னும் செக் வாங்கலீங்க, பாத்துக்கங்க."

மாப்பிள்ளை நெற்றியில் அறைந்துகொண்டார். பாயக் கூடாது பாயக் கூடாது என்று உருப்போட்டு உருப்போட்டு, இங்கே பாயலாம் என்பதை மறந்துபோயிருந்தார். அதற்கப்புறம் அப்பா நிற்கவில்லை. யானை வந்தது, குதிரை வந்தது, கடைசியில் அந்தப் புளியங்கொட்டையும் வந்தது.

"செக்" என்றார் அப்பா. பின்னால் சாய்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "எங்க போவ?"

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு கணம் காதில் விழுந்தது சரிதானா என்று இருந்தது. எங்க போவீங்க என்று சொல்லவில்லை. எங்க போவ என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அப்பா வாயில் அவருக்கு 'ங்க' தவறினதே இல்லை.

மாப்பிள்ளை பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"போறதுக்கு வழியில்லீங்க மாமா."

"அப்ப எந்திரிச்சு வா. சோறு ஆறுது."

இலை போட்டோம். அம்மா பழக்கதோஷத்தில் குழம்பைத் துழாவி ஈரல் துண்டை எடுத்து மாப்பிள்ளை இலைப் பக்கம் கொண்டு போனாள். அவரும் பழக்கதோஷத்தில் உள்ளங்கையை விரித்தார். வாயைத் திறப்பதற்குள் அப்பா தன் இலையை முன்னால் தள்ளினார்.

"அத இங்க போடு. ஜெயிச்சது நானு."